குறோணியின் பசியும் நம் வீட்டுச் சீனி டப்பாவும்

அய்யா உண்டு.

 

திருஏடு வாசிப்பில் முதல் நாட்களிலேயே நாம் கேட்பது குறோணியின் கதை. நீடிய யுகத்தில் மலைபோல ஒரு அசுரன் பிறக்கிறான். பிறந்தவுடன் அவனுக்குப் பசி. கடல் நீரையெல்லாம் குடிக்கிறான். பசி அடங்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் விழுங்கப் பார்க்கிறான், கடைசியில் கயிலையையே எடுத்து விழுங்கத் துணிகிறான். அப்போதுதான் மாயோன் தவமிருந்து வரம் பெற்று, அவனை ஆறு துண்டாக வெட்டுகிறார். அந்த ஆறு துண்டும் யுகம்தோறும் அசுரப் பிறப்பெடுத்து, கடைசித் துண்டு இந்த யுகத்தில் கலியாக வந்து நிற்கிறது.

இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். ஒன்றைக் கவனித்தோமா? குறோணியிடம் வாளும் இல்லை, படையும் இல்லை. அவன் செய்த குற்றம் ஒன்றுதான்: போதும் என்று சொல்லத் தெரியாத வாய். தின்னத் தின்னக் குறையாத பசி. அந்தப் பசியின் துண்டுதான் கலி. கலி என்பது எங்கோ கோட்டை கட்டிக்கொண்டு இருக்கிற ஆள் அல்ல. மனிதன் மனசுக்குள் மாயையாக, உருவம் இல்லாமல் குடியிருக்கிறது. சிலருக்குப் பண ஆசையாக, சிலருக்குப் பொறாமையாக, சிலருக்குக் குடியாக. நம்மில் மிகப் பலருக்கு யாரும் தப்பாக நினைக்காத ஒரு வடிவத்தில், நாக்கில் உட்கார்ந்திருக்கிறது. அதன் பெயர் இனிப்பு.

இனிப்பைப் பற்றி ஒரு பக்திப் புத்தகத்தில் என்ன பேச்சு என்று நினைக்க வேண்டாம். கடந்த சில வருடங்களில் நம் தாங்கல்களில் யார் யார் வராமல் போனார்கள் என்று ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். கண் மங்கி ஏடு படிக்க முடியாமல் போனவர்கள், கால் புண் ஆறாமல் விரலை எடுத்தவர்கள், வாரம் இரண்டு மூன்று தடவை டயாலிசிஸ் போகிறவர்கள் எல்லோரும் நம் உறவுகள்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் பெரிய ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்று அது சொல்கிறது. பாரம்பரியம், உடல் எடை, உழைப்புக் குறைவு, வயது என்று இதற்குப் பல காரணம் உண்டு. சீனி தின்றதால் மட்டும் வருகிற வியாதி அல்ல இது. ஆனால் அந்தக் காரணங்களில் நம் கையில் இருப்பவற்றில் பெரியது, நம் வாய்.

தலைப்பாகை கட்டிய தலை

கொல்லம் ஆண்டு 1008, மாசி 20. ஆங்கிலக் கணக்கில் 1833. அய்யா அவதரித்த அந்தக் காலத்தில் நம் முன்னோர் எப்படி இருந்தார்கள்? தலைக்கு வரி, பனை ஏறும் ஏணிக்கு வரி. தோளில் துண்டு போடக் கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. பொதுக் கிணற்றில் நீர் மொள்ளக் கூடாது. அப்படிக் குனிந்து கிடந்த மக்களை நிமிர்த்தி, அய்யா தலையில் தலைப்பாகை கட்டச் சொன்னார். நீ யாருக்கும் அடிமை இல்லை, உனக்குள்ளே இறைவன் இருக்கிறான் என்று காட்ட, பள்ளியறையில் கண்ணாடி வைத்தார். முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரும் சேர்ந்து குளிக்கவும் குடிக்கவும் செய்தார்.

இன்றைக்கும் அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டுதான் தாங்கலுக்குள் போகிறோம். நெற்றியில் திருநாமம் இட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறோம். பிறகு என்ன நடக்கிறது? சாயாக்கடை வாசலைத் தாண்ட முடியவில்லை. சாயங்காலம் நாலு மணியானால் கை தானாக பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறது. ராத்திரி எல்லோரும் உறங்கின பிறகு, அடுக்களையில் விளக்குப் போடாமல் அதிரசப் பாத்திரத்தைத் திறக்கிறோம். அரசனுக்கும் அதிகாரிக்கும் குனியாத தலை, ஒரு சீனி டப்பாவுக்கு முன்னால் குனிந்து நிற்கிறது. இது அடிமைத்தனம் இல்லையா மக்களே?

இனிப்பே பாவம் என்று நான் சொல்லவில்லை. பனையில் அக்கானியை ஊற வைத்ததும், வாழையில் தேனை வைத்ததும் படைத்தவர்தான். ஒரு கல்யாணத்தில், ஒரு திருநாளில், நாலு பேரோடு உட்கார்ந்து ஒரு துண்டு இனிப்பைச் சுவைப்பது மகிழ்ச்சி. அது இல்லாமல் இருக்க முடியவில்லை என்று ஆகும்போதுதான் அது குறோணிப் பசி ஆகிறது. நாம் இனிப்பை ஆள்கிறோமா, இனிப்பு நம்மை ஆள்கிறதா என்பதுதான் கேள்வி.

எவ்வளவு போகிறது என்று ஒரு கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2015இல் ஒரு அளவு சொன்னது. உணவில் நாம் சேர்க்கிற சர்க்கரையும், தேன், பழச்சாறு போன்றவற்றில் இருக்கிற சர்க்கரையும் சேர்த்து, ஒரு நாள் மொத்த உணவுச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது. சாதாரணமாகச் சாப்பிடுகிற ஒருவருக்கு அந்தக் குறைந்த அளவு சுமார் 25 கிராம், அதாவது 5 தேக்கரண்டி.

நம் வீட்டுக் கணக்கைப் பார்ப்போம். ஒரு தேக்கரண்டி சீனி சுமார் 5 கிராம். ஒரு நாளைக்கு நாலு சாயா, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் 40 கிராம். மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். வருடத்துக்கு 14 கிலோவுக்கு மேல். வீட்டில் நாலு பேர் இப்படிக் குடித்தால், 50 கிலோ மூடை ஒன்று போதாது. இது சாயாவில் மட்டும். பிஸ்கட், மிட்டாய், கேக், பாயசம், ஐஸ்கிரீம் எதையும் இதில் சேர்க்கவில்லை. கடைகளில் விற்கிற குளிர்பானங்கள் பலவற்றில் 300 மில்லிக்கு 30 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. ஒரு பாட்டில் உள்ளே போனால், ஒரு நாள் அளவு ஒரே மடக்கில் முடிந்துவிட்டது. குடித்தது வயிற்றில் பசியாற்றவும் இல்லை.

பிள்ளைகளுக்குச் சத்து என்று பாலில் கலக்கிக் கொடுக்கிற மாவுகளையும் பாருங்கள். டப்பாவின் பின்பக்கம் எழுதியிருப்பதைப் படியுங்கள். எது அதிகமோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள். முதல் மூன்று பெயருக்குள் சர்க்கரை, குளுக்கோஸ், மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால், நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இனிப்பைத்தான். இந்த வகைப் பானங்களை ஆரோக்கிய பானம் என்ற தலைப்பின் கீழ் போட்டு விற்க வேண்டாம் என்று, 2024 ஏப்ரலில் மத்திய அரசே இணைய விற்பனைத் தளங்களுக்கு அறிவுறுத்தியது.

கருப்பட்டி நம்முடையதுதானே?

இந்த இடத்தில் நம் மக்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சீனி வேண்டாம், சரி. கருப்பட்டி நம் பனையின் பொருள். கருப்பட்டிக் காப்பி குடிக்கலாமே?"

பனை நம்மை வாழவைத்த மரம். அதன் மேல் நமக்கு இருக்கிற பற்று நியாயமானது. வெள்ளைச் சீனியில் இல்லாத சில தாதுச் சத்துகள் கருப்பட்டியில் கொஞ்சம் உண்டு, அதுவும் உண்மை. ஆனால் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். கருப்பட்டியிலும் முக்கால் பங்குக்குக் குறையாமல் சர்க்கரைதான். அக்கானியிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாம் இதே கதைதான். இரத்தத்தில் கலந்த பிறகு, அது பனையிலிருந்து வந்ததா கரும்பிலிருந்து வந்ததா என்று உடம்பு கேட்பதில்லை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கருப்பட்டி என்பதால் தாராளமாகச் சாப்பிடலாம் என்று யாராவது சொன்னால், நம்பாதீர்கள். போதாததற்கு, சீனி கலந்து காய்ச்சிய கருப்பட்டியும் சந்தையில் விலை போகிறது.

நம் பாட்டன்மார் கருப்பட்டி தின்றார்களே, அவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை முப்பது நாற்பது பனை ஏறி இறங்கினார்கள். தின்றது காலிலும் தோளிலும் எரிந்து போயிற்று. நாம் மோட்டார் சைக்கிளில் கடைக்குப் போய்க் கருப்பட்டி வாங்கி வருகிறோம். பாட்டனின் தீனி மட்டும் நம்மிடம் இருக்கிறது. பாட்டனின் பனை நம்மிடம் இல்லை.

துவையல் தவசு சொல்லும் பாடம்

அய்யா தம் மக்களில் எழுநூறு குடும்பங்களைக் கடற்கரைக்கு அனுப்பித் துவையல் தவசு இருக்கச் செய்தது நமக்குத் தெரியும். வாகைப்பதியிலும் பிறகு முட்டப்பதியிலும் அவர்கள் இருந்தார்கள். கடலில் குளிப்பார்கள், துணியைத் துவைத்து உடுப்பார்கள், அரிசியும் சிறுபயறும் சேர்த்த எளிய உணவை உண்பார்கள், அய்யாவை நினைப்பார்கள். துணியின் அழுக்கைப் போக்குவதோடு அது நிற்கவில்லை. மனசின் அழுக்கைப் போக்கும் பயிற்சியாகவே அய்யா அதைக் கொடுத்தார்.

இதில் மூன்று பாடம் இருக்கிறது.

முதல் பாடம், ஒழுங்கு. இன்றைக்கு ஒரு ஆவேசத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு நாளை மறுநாள் திரும்பப் பிடிப்பதில் தவம் இல்லை. சின்னதாக ஒன்றை எடுத்து, தினமும் செய்வதுதான் தவம். துணி ஒரு தடவை துவைத்தால் போதுமா? தினமும் அல்லவா துவைக்க வேண்டும்?

இரண்டாம் பாடம், கூட்டம். அந்தத் தவத்தைக் குடும்பம் குடும்பமாக, எழுநூறு குடும்பமும் சேர்ந்துதான் செய்தார்கள். வீட்டில் ஒருவர் மட்டும் சீனி இல்லாச் சாயா குடிக்க, மற்றவர்கள் அவர் முன்னால் அல்வாவைப் பிரித்தால், அவரால் எத்தனை நாள் தாங்க முடியும்? குறைப்பதென்றால் வீடே சேர்ந்து குறைக்க வேண்டும்.

மூன்றாம் பாடம், வயிறு. அவர்களுக்கு அரிசியோடு சிறுபயறு இருந்தது. வெறும் அரிசி சீக்கிரம் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும். ஏறினது வேகமாக இறங்கும்போது பலருக்குத் திரும்பப் பசி எடுக்கும். அந்தப் பசிதான் நம்மை இனிப்பிடம் தள்ளுகிறது. பயறு மெதுவாகச் செரிக்கும், பசியைத் தள்ளிப்போடும். காலையில் புட்டும் சீனியும் பழமும் தின்றவருக்குப் பதினொரு மணிக்கு வயிறு கூப்பிடும். அதே புட்டைக் குறைத்து, அவித்த சிறுபயறை நிறைய வைத்துத் தின்றவர் மத்தியானம் வரை வேலை பார்ப்பார். இனிப்பு ஆசையை அடக்க முதல் வழி, பட்டினி கிடப்பது அல்ல. வேளைக்கு, சத்தான உணவைச் சாப்பிடுவது.

ஆசை வரும் நேரத்தில் என்ன செய்வது

ஆசையைச் சபித்துப் பயன் இல்லை. கலியை வெல்ல அய்யா வாளைத் தரவில்லை, பொறுமையைத்தான் தந்தார். இனிப்பு ஆசை வந்தவுடன் அதோடு சண்டை போடாதீர்கள். ஒரு பத்து நிமிடம் பொறுத்துக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். "அய்யா உண்டு" என்று மனசுக்குள் சொல்லி, ஒரு செம்பு தண்ணீர் குடியுங்கள். எழுந்து முற்றத்தில் நாலு சுற்று நடங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், யாரிடமாவது பேசுங்கள். அலைபோல எழும்பின ஆசை, பெரும்பாலும் அலைபோலவே அடங்கிவிடும். நிஜமாகவே பசி என்றால், ஒரு கை வறுத்த கடலையோ, அவித்த பயறோ, ஒரு கொய்யாக்காயோ போதும்.

சாயாவில் ஒரே நாளில் சீனியை நிறுத்த வேண்டாம். இந்த வாரம் இரண்டு கரண்டியை ஒன்றரையாக்குங்கள். அடுத்த வாரம் ஒன்று. அதற்கடுத்த வாரம் அரை. நாக்கு பழகும். சில வாரம் கழித்துப் பழைய இனிப்பில் சாயா குடித்தால், இதையா குடித்தோம் என்று உங்களுக்கே தோன்றும். இனிப்பு குறையக் குறைய, பாலின் சுவையும் தேயிலையின் மணமும் தெரிய ஆரம்பிக்கும்.

இன்னும் சில பழக்கங்களைச் சொல்கிறேன். இவற்றில் ஏதாவது ஒன்றை மட்டும் இந்த மாதம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலையில் முதலில் காய்கறியையும் பயறையும் உண்ணுங்கள், சோற்றைப் பிறகு தொடுங்கள். அவியலும் துவரனும் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு ஓரத்தில் இருந்தால் போதாது, இலையில் பாதி அவையாக இருக்கட்டும். மரச்சீனிக் கிழங்கு சாப்பிடுகிற அன்றைக்குச் சோற்றைக் குறையுங்கள், இரண்டும் மாவுச்சத்துதான்.

பழத்தைப் பழமாகத் தின்னுங்கள். பிழிந்து சீனி போட்டுக் குடித்தால் நார் போய்விடும், சர்க்கரை மட்டும் மிஞ்சும்.

சாப்பிட்டவுடன் படுக்காமல், கால் மணி நேரம் மெதுவாக நடங்கள். உண்ட உணவின் சர்க்கரையைக் கால் தசைகள் எடுத்துக்கொள்ளும்.

உறக்கத்தைக் குறைக்காதீர்கள். சரியாக உறங்காத மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். ராத்திரி பன்னிரண்டு மணி வரை போனைப் பார்க்கிறவரின் கைதான் பிஸ்கட் பாக்கெட்டைத் தேடும்.

பிள்ளை அழுதால் மிட்டாய், படித்தால் சாக்லேட், ஊசி போட்டால் ஐஸ்கிரீம் என்று பழக்காதீர்கள். வருத்தத்துக்கு மருந்து இனிப்பு என்று அந்தப் பிஞ்சு மனசு படித்துக்கொள்ளும். அந்தப் பாடத்தை அழிக்க, பிறகு ஒரு ஆயுள் வேண்டியிருக்கும். மடியில் தூக்கி வைத்து ஒரு கதை சொல்லுங்கள், அது போதும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. குறோணி என்ன செய்தான்? எல்லாவற்றையும் தனியாக விழுங்கினான். அய்யா என்ன செய்தார்? எல்லோரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சேர்ந்து உண்ணச் செய்தார். அன்னதர்மம் என்பது குறோணிப் பசிக்கு நேர் எதிரானது. ஆகவே இனிப்பைத் தனியாகத் தின்பதில்லை, ஒளித்துத் தின்பதில்லை, நின்றுகொண்டு தின்பதில்லை என்று ஒரு முடிவு எடுங்கள். தின்ன வேண்டும் என்றால் வீட்டார் எல்லோரோடும் உட்கார்ந்து, பங்கு வைத்துத் தின்னுங்கள். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினால், நாம் தின்கிற இனிப்பில் பெரும்பங்கு தானாகக் குறைந்துபோகும். ஏனென்றால் அதில் பெரும்பங்கு, யாரும் பார்க்காத நேரத்தில்தான் உள்ளே போகிறது.

ஒரு நாள் தவறினால்? தவறட்டும். மறுநாள் காலையில் குளித்து, நாமம் இட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒரு நாள் துணி அழுக்கானது என்று யாரும் துணியைக் கிழித்துப் போடுவதில்லை.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு

சர்க்கரை வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இன்சுலின் போடுகிறவர்களும் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள். மற்றவர்கள் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

டாக்டரைக் கேட்காமல் விரதம் இருக்காதீர்கள், வேளை உணவைத் தவறவிடாதீர்கள், சோற்றைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். மருந்து உள்ளே இருக்கும்போது உணவு போகாவிட்டால், இரத்தத்தில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். வேர்த்துக் கொட்டுதல், கை நடுக்கம், படபடப்பு, கண் இருட்டுதல், பேச்சுக் குழறல் எல்லாம் அதன் அறிகுறி. அப்போது சீனிதான் மருந்து. மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். கால் மணி நேரத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பினவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். திருநாள் கூட்டத்துக்குப் போகும்போது சட்டைப்பையில் ஒரு பொட்டலம் சீனி இருக்கட்டும். கலி வேறு, சீனி வேறு. அடிமையாக இருப்பவனுக்குத்தான் அது கலி. அளவறிந்தவனுக்கு அது ஒரு பொருள்.

இன்னொன்று. அய்யா தண்ணீரும் மண்ணும் கொடுத்து நோய் தீர்த்ததை நாம் நம்புகிறோம். அந்த நம்பிக்கையைச் சொல்லி மாத்திரையை நிறுத்துகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். நம்பிக்கை மனசுக்குப் பலம். அந்தப் பலத்தோடு மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். ஒன்று இன்னொன்றுக்கு விரோதம் இல்லை. முப்பது வயது தாண்டினவர்கள், அறிகுறி ஒன்றும் இல்லாவிட்டாலும், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தடவை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 126க்கு மேல் இருந்தால் டாக்டர் மறுபடி சோதித்து உறுதி செய்வார். 2021 முதல் நடக்கிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அதை வாங்கிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

மாசி மாதம் சுவாமித்தோப்புக்கு நடந்து வருகிறவர்களுக்கு ஒரு சொல். பலர் வெறுங்காலோடு வருகிறோம். சர்க்கரை வியாதி நாள்பட்டால் காலில் உணர்ச்சி குறைந்துவிடும். தார் ரோட்டின் சூடும் முள்ளும் தெரியாது. கொப்புளம் வந்ததே தெரியாமல் நடந்து, அது புண்ணாகி, கடைசியில் காலை எடுக்கும் நிலைக்குப் போகும். உணர்ச்சி குறைந்தவர்கள் செருப்புப் போட்டு நடந்து, பதி எல்லையில் கழற்றினால் போதும். அய்யா உங்கள் காலின் புண்ணைக் கேட்கவில்லை. ராத்திரி படுக்கும் முன் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். பள்ளியறைக் கண்ணாடியில் உள்ளிருக்கும் இறைவனைக் காண்கிறோம். அந்த இறைவன் குடியிருக்கும் உடம்பையும் ஒரு பதியைப்போலப் பார்த்துக்கொள்வது நம் கடமை.

தாங்கல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்

அன்னதர்மத்தில் சீனி போட்ட பாயசத்தை வாளியில் கொண்டுவந்து, வேண்டாம் என்றவர் இலையிலும் ஊற்றுவது அன்பின் அடையாளம் என்று நினைக்கிறோம். போதும் என்று ஒருவர் கை காட்டினால், அந்தக் கைக்கு மரியாதை கொடுங்கள். அந்தக் கை ஒரு பெரிய போரில் வெற்றி பெற்ற கை. பாயசம் வையுங்கள், சின்ன டம்ளரில் வையுங்கள். அதோடு சிறுபயறும் காய்கறியும் கூடுதலாக இருக்கட்டும். குடிக்கக் கலர் கலந்த சர்பத்துக்குப் பதில் மோரும் சீரகத் தண்ணீரும் வையுங்கள். வாரத்தில் ஒரு நாள் உகப்படிப்பு முடிந்த பிறகு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எல்லோரும் சேர்ந்து அரை மணி நேரம் நடந்தால், அதுவும் ஒரு கூட்டுத் தவம்தான்.

ஒவ்வொரு வீட்டாருக்கும் ஒன்று சொல்கிறேன். இந்த மாதம் நீங்கள் வாங்கும் சீனியில் ஒரு கிலோவைக் குறையுங்கள். அந்தக் காசுக்குச் சிறுபயறு வாங்கி, அன்னதர்மத்துக்குத் தாங்கலில் கொடுங்கள். நம் வீட்டில் நோயாகப் போக இருந்தது, பசித்தவன் இலையில் சோறாகப் போகட்டும். குறோணி விழுங்கினதைத் திரும்பப் பிடுங்கி எளியவனுக்குக் கொடுப்பதுபோல அது.

மக்களே, தர்மயுகம் வரும் என்று காத்திருக்கிறோம். அந்த யுகத்தில் நோயும் துன்பமும் இல்லை என்று ஏடு சொல்வதைக் கேட்டு மகிழ்கிறோம். அதற்கான தகுதியை இப்போதே, இந்த உடம்பில், நம் அடுக்களையிலேயே தேடத் தொடங்கலாம். போதும் என்று சொல்லத் தெரியாதவன் குறோணி. போதும் என்று சொல்லத் தெரிந்தவன் அய்யாவின் பிள்ளை. நாளைக் காலைச் சாயாவில் அரைக் கரண்டியைக் குறைக்கும்போது, அந்தப் போதும் என்ற சொல்லை வாய்விட்டே சொல்லுங்கள்.

எல்லோரும் நோயின்றி, நெடுநாள், நிமிர்ந்த தலையோடு வாழ அய்யா துணை நிற்பார்.

அய்யா உண்டு.